‘லோடா’ வகை உணவுக்குத் தமிழ்ச்சொல்

ஸ்டாக்ஹோமிலிருந்து:

வணக்கம். இங்குள்ள தாய்மொழி வகுப்புப் பிள்ளைகளுக்காக ஸ்வீடனின் கிறிஸ்துமஸ் உணவுச் செய்முறைகளைத் தமிழில் எழுதிவருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘யான்சன்ஸ் ஃப்ரெஸ்தெல்சே’ என்பதற்கு ‘யான்சனின் சபலம்’ என்று பெயர் வைத்துவிட்டேன். சிக்கல் வகைப்பெயரில். மெல்லிய குச்சிகளாக நறுக்கிய உருளைக்கிழங்கு, வதக்கிய வெங்காயம், டப்பாவில் வரும் அன்ஷூவிஸ் மீன், மீண்டும் கிழங்கு என அடுக்கி, கிரீமும் டப்பாவிலுள்ள மீன்சாறும் ஊற்றி, மேலே ரொட்டித்தூளும் வெண்ணெயும் இட்டு, ஓவனில் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். இவ்வகையை ‘லோடா’, அதாவது பெட்டி, என்பார்கள். ‘கேசரோல்’ என்று எழுதினால் சப்பாத்தி வைக்கும் டப்பாதான் நினைவுக்கு வரும்.

மதுரையிலிருந்து:

அம்மா, பொருநராற்றுப்படையைப் பாருங்கள்: ‘துருவையம் புழுக்கின் பராஅரை வேவை’. வெந்தது வேவை. ‘அடுக்குவேவை’ என்றால் வினைத்தொகை. அடுக்கிய, அடுக்குகின்ற, அடுக்கும் வேவை என முக்காலமும் அதில் கரந்து நிற்கும். அடுதல், அடுப்பு, அடுக்கு மூன்றும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் கருத்து. மீன் நெத்திலிதானே? ‘நெத்திலி அடுக்குவேவை’ என்றே போடலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, சமைக்கும் அடுதல் வேறு, நெருங்கும் அடுத்தல் வேறு. இரண்டையும் ஒரே வேரில் கட்ட முடியாது. வேவை நீரில் வெந்த இறைச்சி. இதுவோ மேலே பொன்னிறமாக முறுகுவது. ‘வெதுப்பு’ என்று சொல்ல நினைத்தேன், ஆனால் அகராதியில் அது இளஞ்சூடு. பாண், அதாவது ரொட்டி, சுடும் அடுப்பை எங்கள் ஊரில் போறணை என்பார்கள். ‘போறணையடுக்கு’ என்றால் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்.

மதுரையிலிருந்து:

போறணை போர்ச்சுக்கீசிய வரவு. கலைச்சொல் ஆக்கும்போதே கடன் வாங்குவதை என்னால் ஏற்க முடியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஜன்னலும் அலமாரியும் அந்தக் கப்பலில் வந்தவைதான், ஐயா. நம் வீட்டுச் சொற்களாகிவிட்டன.

ஸ்டாக்ஹோமிலிருந்து:

மீனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தவறினால் சமையலே கெடும். ஸ்வீடனில் அன்ஷூவிஸ் நெத்திலி அன்று. அது ‘ஸ்கார்ப்சில்’ என்னும் சிறுமீன். சாளை, மத்திக்குத்தான் உறவு. சர்க்கரை, உப்பு, பட்டை, சந்தனம் கலந்த சாற்றில் ஊறவைத்தது. மற்ற நாட்டு உப்பு நெத்திலியை அவர்கள் ‘சர்தெல்’ என்பார்கள். செய்முறையில் நெத்திலி என்று கண்டால் பெற்றோர் அதைத்தான் வாங்கிப் போடுவார்கள். உப்பு கரித்து, இனிப்பும் மசாலாவும் இல்லாமல் போய்விடும். அன்ஷூவிஸ் அப்படியே இருக்கட்டும். கிழங்கைக் கழுவக் கூடாது, அதன் மாவுதான் கிரீமைக் கெட்டியாக்கும் என்பதையும் தாளில் சேர்த்திருக்கிறேன்.

எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘போறணையடுக்கு’ போதும் என்கிறார்கள். தாள் அப்படியே அச்சுக்குப் போகிறது.

மதுரையிலிருந்து:

அச்சாகட்டும். ஆனால் வேவை நீரில் வெந்ததை மட்டுமே குறிக்கும் என்பதற்கு யாரும் இன்னும் ஒரு மேற்கோளும் காட்டவில்லை. அது வரும்வரை என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.