மறு: ‘நிறுத்திவைப்புத் தொகை’ சரிவருமா?

> ‘நிறுத்திவைப்புத் தொகை’ என்றே போட்டுவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

கட்டட வேலை செய்தவருக்குச் சேரவேண்டிய காசில் ஒரு பங்கை, பழுது வந்தால் ஈடாக இருக்கட்டும் என்று பிடித்து வைப்பதுதான் ‘றிட்டென்ஷன்’ (retention). அதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது வந்த யோசனை இது. புரியும் ஐயா, ஆனால் பிழையாகப் புரியும். இலங்கையில் எங்கள் பக்கம் ‘வைப்பு’ என்றால் வங்கி வைப்பு. நிலையான வைப்பு, சேமிப்பு வைப்பு என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லோடு வட்டியும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கட்டடக் கொந்தராத்தில் (ஒப்பந்த வேலையில்) றிட்டென்ஷன் என்று பிடிக்கிற காசுக்குப் பெரும்பாலும் ஒரு சதம் வட்டி கிடையாது.

சென்னை நண்பர் சொன்ன ‘பிடித்தம்’ இன்னும் மோசம். சம்பளத்தில் பிடித்தம் என்றால் போனது போனதுதான். இது திரும்பி வரவேண்டிய காசு. ‘ஒதுக்கம்’ கணக்கியலில் வேறு பொருளில் ஊறிப்போன சொல். போதாததற்கு, கட்டுவிக்கிறவர் தன் காசைத் தானே எடுத்து வைத்தது போலவும் ஒலிக்கிறது. உண்மையில் அது செய்து முடித்த வேலைக்கான கூலி. வழியில் மறிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக்குக் குழாய் வேலை, 2 கோடி ரூபா என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதம் 20 லட்சத்துக்கு வேலை நடந்ததாகப் பொறியியலாளர் சான்று கொடுக்கிறார். 10 சதவீதம், அதாவது 2 லட்சத்தைப் பிடித்துக்கொண்டு 18 லட்சம் தருவார்கள். இப்படியே பில்லுக்குப் பில் பிடித்து, மொத்தத் தொகையின் 5 சதவீதமான 10 லட்சம் சேர்ந்ததும் நிறுத்துவார்கள். கட்டடத்தைக் கையேற்றதும் பாதி கிடைக்கும். மீதி 5 லட்சம் பழுதுப் பொறுப்புக் காலம், அதாவது பழுது வந்தால் கொந்தராத்துக்காரரே திருத்திக் கொடுக்கவேண்டிய காலம், கழிந்த பிறகு. அது அநேகமாக ஒரு வருடம். வீதம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். சின்னக் கொந்தராத்துக்காரர் பலருக்கு அந்த 10 லட்சம்தான் லாபமே.

என் மச்சான் 2021 ஏப்ரலில் ஒரு கட்டடத்தை ஒப்படைத்தார். மீதிப் பாதி அடுத்த ஏப்ரலில் வந்திருக்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். காசு நவம்பரில் வந்தது, ஒரு ரூபாகூடக் குறையாமல். ஆனால் அதில் வாங்க நினைத்திருந்த பி.வி.சி. குழாயில் பாதிகூட வரவில்லை. “என்ர காசை மறிச்சு வைச்சுத் தேய விட்டிட்டாங்கள்” என்றார்.

அந்த ‘மறிச்சு’தான் எனக்குப் பிடித்துப்போனது. ‘மறிபணம்’ என்று வைத்தால் என்ன?

வினைத்தொகை. மறித்த பணம், மறிக்கிற பணம், மறிக்கும் பணம் மூன்றும் அதற்குள் வந்துவிடும். போன மாத பில்லிலும் பிடித்தார்கள், வருகிற மாத பில்லிலும் பிடிப்பார்கள். நடுவில் ‘ப்’ போட்டு ‘மறிப்பணம்’ ஆக்கிவிட வேண்டாம். முற்பணத்துக்கு நல்ல சோடி. கணக்கேட்டிலும் இடறாது: கொந்தராத்துக்காரர் புத்தகத்தில் மறிபண வருமதி (வரவேண்டியது), கட்டுவிக்கிறவர் புத்தகத்தில் மறிபணச் சென்மதி (கொடுக்கவேண்டியது).

தமிழ்நாட்டில் ‘சாலை மறியல்’ நினைவு வரும் என்பார்கள். வரட்டும். இங்கே எங்களுக்கு முதலில் வருவது விளக்கமறியல். அதுவும் ஒரு விதத்தில் பொருத்தம்தான், குற்றம் உண்டா இல்லையா என்று தெரியும்வரை உள்ளே இருக்கவேண்டும். ‘விடுவிப்பு’ என்ற சொல்லும் இரண்டுக்கும் பொது. முதற்பாதி விடுவிப்பு, இறுதி விடுவிப்பு என்று எழுதலாம்.

இனி ‘றிட்டென்ஷன் பொண்ட்’. வங்கியிடம் உத்தரவாத எழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு மறிபணத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்வது. இதற்குப் ‘பிணைமுறி’ வேண்டாம். கொழும்பில் அந்தச் சொல்லைக் கேட்டால் ஆட்கள் மத்திய வங்கியின் பிணைமுறி மோசடி விவகாரத்துக்குப் போய்விடுவார்கள். ‘மறிபண உத்தரவாதம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். முற்பணத்துக்கும் வங்கி உத்தரவாதம் கொடுப்பதுண்டு, அதையும் இதே அச்சில் ‘முற்பண உத்தரவாதம்’ எனலாமா? கண்டி ஐயா உயர்தரக் கணக்கியல் படிப்பித்தவர், வருமதி, சென்மதி வரும் இடங்களை ஒருமுறை பார்த்துச் சொன்னால் நல்லது.