கைக்கு மட்டும் ஞாபகம் இருந்ததைப் பார்த்திருக்கீங்களா?

வைகைக்கரை:
பாட்டிக்கு அல்சைமர், என்னையே யாருன்னு தெரியலை. மார்கழில அம்மா சும்மா கோலமாவு டப்பாவை அவங்க கையில குடுத்தாங்க, உடனே குனிஞ்சு நேர் புள்ளி வச்சு சிக்குக் கோலம் இழுத்தாங்க பாருங்க, எங்கயும் தயங்கலை, ஆரம்பிச்ச புள்ளியிலயே கோடு வந்து சேர்ந்துச்சு. எப்படி பாட்டின்னு கேட்டா "எனக்குக் கோலம் போடத் தெரியாதுப்பா"ங்கறாங்க. அந்தப் பதில்தான் என்னை விடமாட்டேங்குது.

தென்றல்:
மசில் மெமரி சகோ, தசைல பதிஞ்சது போகாது. அப்பாவுக்கு பார்க்கின்சன், நிலைவாசல் கிட்ட வந்தா கால் தரையோட ஒட்டிக்கும். பிசியோ அக்கா தரையில குறுக்க குறுக்க கலர் டேப் ஒட்டினாங்க, ஒவ்வொண்ணா தாண்டி அப்பா பாட்டுக்கு ஹாலுக்குப் போயிட்டாரு, நான் அழுதுட்டேன்.

தையல்மெஷின்:
தென்றல், தசைக்கு ஞாபகமே கிடையாதுங்க. உங்க அப்பாவுக்கு கால்ல பலம் இருக்கு, பழகின நடையைத் தானா ஓட்டுற பேசல் கேங்லியாங்கற மூளைப் பகுதிக்குத்தான் டோபமைன்ங்கற ரசாயனம் பத்தலை, டேப்பைப் பார்த்ததும் மூளை கண்ணு வழியா வேற பாதை பிடிக்குது. அமெரிக்காவுல ஹென்றி மொலைசன்னு ஒருத்தருக்கு 1953ல வலிப்புக்காக ஆபரேஷன் பண்ணி, புது ஞாபகத்தைப் பதிய வைக்கிற ஹிப்போகாம்பஸ்ங்கற மூளைப் பகுதில ரெண்டு பக்கமும் பெரிய பங்கை எடுத்துட்டாங்க, புதுசா எதுவும் நினைவுல நிக்காது. உளவியல் ஆய்வாளர் பிரெண்டா மில்னர் அவர்கிட்ட, தன் கையைக் கண்ணாடில மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னாங்க, மூணு நாள்ல கை பழகிடுச்சு, அவருக்கோ முன்னாடி வரைஞ்ச ஞாபகமே இல்லை. பாட்டி சொன்னதும் இதேதான். எங்க தெரு டெய்லர் தாத்தாவுக்கு ஸ்ட்ரோக்ல பேச்சு போச்சு, தையல் போகலை. வைகைக்கரை, பாட்டிகிட்ட எப்படின்னு விளக்கம் கேக்காதீங்க, மாவை மட்டும் குடுங்க, தினம் அதே நேரம் அதே வாசல், தரை வழுக்காம இருக்கணும், பக்கத்துல ஆள் நிக்கணும், புதுக் கோலம் சொல்லிக் குடுக்கறேன்னு இறங்காதீங்க. தென்றல், டேப் தரையோட கலர்ல இருக்கக்கூடாது, ஓரம் பிரிஞ்சா அன்னைக்கே மாத்துங்க, தடுக்கும்.

ஸ்வரஜதி:
டேப் கலரை யாருங்க கேட்டா? கை கத்துக்கிட்டது கெட்டும் போகும், அதையும் சொல்லுங்க. அக்கா வயலின் எடுத்தா மட்டும் மோதிர விரல் உள்ள மடங்கிக்கும், மாவு பிசையறப்ப, டைப் அடிக்கறப்ப ஒண்ணும் ஆகாது. டிஸ்டோனியான்னாங்க, மூளை தப்பா உத்தரவு குடுத்து தசை தானா இறுகிக்கிறது. பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷருக்கும் 1960கள்ல வலது கையில இதே கதி, வருஷக்கணக்கா இடது கைக்குன்னு எழுதினதைத்தான் வாசிச்சாரு. "இன்னும் சாதகம் பண்ணு"ன்னு அக்காவை விரட்டினவங்க மேல எனக்கு இன்னும் கோபம், அது விரலை மோசமாத்தான் ஆக்குச்சு. இப்போ சரளி வரிசைல இருந்து ரொம்ப மெதுவா வர்றாங்க. இதுல இருந்து மீண்டு வாசிச்சவங்க யாராவது இருந்தா என்ன பயிற்சி பண்ணீங்கன்னு எழுதுங்க.