மேம்படுத்திய மறுகணம் கணினி தொடங்க மறுத்ததா? உங்கள் பூட்லோடர் அனுபவங்கள்

2020 ஜூலை இறுதியில், கணினியை இயக்கியதும் இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடரான கிரப்பின் பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தம் வந்த கையோடு டெபியன் லினக்ஸை மேம்படுத்தி மறுதொடக்கம் செய்தேன். கறுப்புத் திரையில் 'கிரப்_காலக்' என்ற நிரல்கூறு கிடைக்கவில்லை என்று ஒரே வரி. அதன் கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்ற சொற்களுக்குப் பக்கத்தில் சுட்டி சிமிட்டிக்கொண்டிருந்தது. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையிட்டால் வட்டின் பகிர்வுகளும் பூட் கோப்புறையும் ஒழுங்காகத் தெரிந்தன. ஆனால் தொடக்கப் பட்டியலைக் காட்டும் 'நார்மல்' தொகுதியை ஏற்றச் சொன்ன ஒவ்வொரு முறையும் அதே வரிதான் வந்தது. கோப்பு கண்ணெதிரே இருந்தும் திறக்க வழியில்லை. கடைசியில் நிறுவாமலே லினக்ஸை இயக்கும் லைவ் பென்டிரைவில் தொடங்கி, வட்டிலுள்ள லினக்ஸுக்குள் நுழைய உதவும் சிஹெச்ரூட் வழியாக கிரப்பை மீண்டும் நிறுவினேன். எங்கே தவறினேன் என்பது மட்டும் விளங்காததால், அந்தக் கணினியை அதன்பின் மேம்படுத்தத் துணியவில்லை.

---

இடையில் வட்டை மாற்றினீர்களா? கிரப்பின் கருநிரல் வட்டின் தொடக்கப் பகுதியிலும், தொகுதிகள் பூட் கோப்புறையிலுமாக இரண்டு இடங்களில் இருக்கின்றன. மேம்படுத்தும்போது தொகுதிகள் புதியவை ஆகிவிடும். கருநிரலோ, டெபியன் தன் அமைப்புத் தேர்வுகளைச் சேமிக்கும் டெப்கான்ஃபில் பதிவாகியுள்ள வட்டில்தான் எழுதப்படும். வட்டை நகலெடுத்து எஸ்எஸ்டிக்கு மாறியவர்களிடம் அந்தப் பதிவு பழைய வட்டையே சுட்டிக்கொண்டிருக்கும் என்பதால், பழைய கருநிரலும் புதிய தொகுதிகளும் ஒன்றையொன்று அறியாமல் முட்டிக்கொள்ளும். 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி' கொடுத்துச் சரியான வட்டைத் தேர்ந்தெடுங்கள். பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கும் கணினி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பழுதுபார்க்கும் முன் லைவ் அமர்வில் 'சிஸ்' என்பதன் கீழுள்ள 'ஃபர்ம்வேர்' கோப்புறையில் 'ஈஎஃப்ஐ' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பென்டிரைவ் பழைய பயாஸ் முறையில் தொடங்கியிருக்கிறது. அந்நிலையில் யூஇஎஃப்ஐ தொடக்கப் பதிவுகளை மாற்றும் 'ஈஎஃப்ஐ பூட் மேனேஜர்' வேலை செய்யாது. என் கதை அவ்வளவுதான்: இதைப் பார்க்காமல் ஓர் இரவு முழுவதும் வீணாக்கினேன்.

---

வட்டை மாற்றியவர்களுக்குத்தான் சிக்கல் வரும் என்பது போல மேலே எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலாது. நான் எந்த வட்டையும் தொடவில்லை. மேம்படுத்திய பின் கிரப் பட்டியலில் விண்டோஸ் என்ற வரியே இல்லை. குடும்பப் படங்கள் அனைத்தும் அந்தப் பகிர்வில்தான் இருந்தன. அழிந்தே போயின என்று நம்பி, நெடுநேரம் எந்த விசையையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பகிர்வுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2021இல் வெளியான கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் 'ஓஎஸ் புரோபர்' இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி 'அப்டேட்-கிரப்' கொடுத்ததும் விண்டோஸ் திரும்பி வந்தது. இதில் என் கவனக்குறைவு எங்கே இருக்கிறது?

---

முதலில் எழுதியவன் நான். எஸ்எஸ்டிக்கு மாறியது உண்மைதான். பழைய வட்டும் காப்புக்காக அதே பெட்டிக்குள் இணைப்போடு இருக்கிறது. இப்போது டெப்கான்ஃப் பதிவைத் திறந்து பார்த்தேன். அதில் இருப்பது பழைய வட்டின் வரிசை எண்.