டிபி980 ஷீட்: ஃபிளேஞ்ச் ஓரம் கிழிகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
1.4 மி.மீ. டிபி980 (டூயல் ஃபேஸ், 980 எம்பிஏ வலிமையுள்ள ஸ்டீல்) ஷீட். 40 மி.மீ. துளை பஞ்ச் பண்ணி, 46 வரைக்கும் விரித்து ஃபிளேஞ்ச் (துளையைச் சுத்தி மடங்கி எழும்பும் விளிம்பு) எடுக்கிறோம். பத்து பீஸில் மூணு நாலு ஓரத்தில் கிழியுது. மைல்டு ஸ்டீல் ஓடின அதே டூல்தான்; டி2 டூல் ஸ்டீல் பஞ்ச், கிளியரன்ஸ் (பஞ்சுக்கும் டைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி) ஒரு பக்கத்துக்கு 0.08 மி.மீ. மெட்டீரியல் ரிப்போர்ட் சரியா இருக்கு. ஃபிளேஞ்ச் ரேடியஸைக் கூட்டினால் தீருமா?

பதில் 1:
ரேடியஸைத் தொடாதீங்க, முதல்ல வெட்டின ஓரத்தைப் பாருங்க. 0.08 என்பது தடிமனில் 6% கூட இல்லை. இந்த கிரேடுக்கு 12 முதல் 15% வேணும், அதாவது 0.17 முதல் 0.21. ஓரத்தை லென்ஸில் பார்த்தால் பளபளப்பான பட்டை ஒண்ணு, அதுக்குக் கீழே மங்கலான முறிவு, அவ்வளவுதான் தெரியணும். முறிவுக்கு நடுவில் இன்னொரு பளபளப்பு இருந்தால், பஞ்ச் பக்கத்து விரிசலும் டை பக்கத்து விரிசலும் சந்திக்காமல் இடையில் மாட்டின உலோகம் மறுபடி வெட்டுப்பட்டிருக்கு. அப்படி இறுகிப்போன ஓரம் மேற்கொண்டு இழுபடாது. மென்மையான ஃபெரைட்டும் கடினமான மார்ட்டென்சைட்டும் சேர்ந்த ஸ்டீல் இது. வெட்டும்போதே ரெண்டுக்கும் நடுவில் நுண்விரிசல் விழுந்துடும். மெட்டீரியல் ரிப்போர்ட்டில் வர்ற டென்சைல் (இழுத்துப் பார்க்கிற) சோதனை அதைக் காட்டாது.

துளை அளவைத் தீர்மானிக்கிறது பஞ்ச். அதனால பஞ்ச் 40.00 அப்படியே இருக்கட்டும், டையை 40.36க்குத் திறங்க.

பதில் 2:
பர் (வெட்டின ஓரத்தில் நீட்டிக்கிட்டிருக்கிற பிசிறு) எந்தப் பக்கம் இருக்கு? ஃபிளேஞ்ச் பஞ்ச் தொடுற பக்கமா இருக்கணும். வெளிப்பக்கம்தான் அதிகம் இழுபடும். பர் அங்கே இருந்தால் கிழிசல் அதிலிருந்துதான் கிளம்பும். டையைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை: சில பிளாங்கில் (வெட்டி வெச்ச ஷீட் துண்டில்) 38க்கு பஞ்ச் பண்ணி, 40க்கு போரிங் பண்ணி, அதே டூலில் ஃபிளேஞ்ச் எடுங்க. கிழியலைன்னா குற்றம் வெட்டில்தான், ஃபார்மிங்கில் இல்லை.

கேள்வி கேட்டவர்:
நடுவில் ரெண்டாவது பட்டை தெளிவாவே தெரியுது. பர் வெளிப்பக்கம். பஞ்ச் முனையும் சிப் ஆகுது (சில்லு சில்லா உடையுது).

பதில் 1:
அப்போ பிளாங்கையும் திருப்பிப் போடுங்க. சிப்பிங்குக்கு டி2 தாங்காது. பவுடர் மெட்டலர்ஜி (உலோகத் தூளிலிருந்து செய்த) டூல் ஸ்டீல், கடினம் 60 ராக்வெல் சி, மேலே பிவிடி கோட்டிங் (மெல்லிய கடினமான பூச்சு) போடுங்க. வெட்டு விசை சுமார் 11 டன்தான், ஆனால் முறியும் நொடியில் பிரஸ் திருப்பி உதைக்கும். பஞ்ச் முகத்தில் 3 டிகிரி கூரைச் சரிவு கொடுத்தால் உதை குறையும், வளையுறது வெட்டி விழும் துண்டு மட்டும்தான். முனை மழுங்கினால் கிழிசல் திரும்ப வரும். பர் உயரத்தைத் தினமும் அளந்து, ஏற ஆரம்பிச்சதுமே கிரைண்ட் பண்ணுங்க.