புதுப்பிப்பு: 500 கிராம் மாம்பழம் எத்தனை கப்?

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: ஜாம் குறிப்பில் 500 கிராம் மாம்பழம் என்று இருக்கிறது, வீட்டில் தராசு இல்லை, கப்பில் எவ்வளவு எடுப்பது? ஒருவர் 2 கப் என்றார், இன்னொருவர் 3 கப் என்றார். நான் குழம்பிப்போனேன்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் தராசு வாங்கி அளந்து பார்த்துவிட்டேன். இரண்டு பேரும் சொன்னது சரிதான்! 240 மில்லி கப்பில் நறுக்கிய துண்டுகள் சுமார் 165 கிராம்தான் பிடிக்கின்றன, நடுவில் காற்று இருக்கிறதே. அதையே மசித்துக் கூழாக்கினால் ஒரு கப் 250 கிராமை நெருங்குகிறது. அதனால் துண்டு என்றால் 3 கப், கூழ் என்றால் 2 கப்.

அன்னாசித் துண்டுகளும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இது தோல், கொட்டை நீக்கிய எடை. கடையில் 500 கிராம் வாங்கினால் சதை அவ்வளவு தேறாது. நான் வாங்கிய பங்கனப்பள்ளியில் முக்கால் கிலோவுக்குத்தான் அரை கிலோ சதை கிடைத்தது. நார் அதிகமுள்ள பழம் என்றால் இன்னும் கூடுதலாகவே வாங்குங்கள்.

அப்புறம், சர்க்கரையையும் இந்தச் சதையின் எடைக்குத்தான் கணக்கிட வேண்டும். ஜாம் நன்றாகக் கெட்டியானது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.