பழைய மதர்போர்டுக்கு மைக்ரோகோட்: பயாஸில் திணிக்க வேண்டுமா, லினக்ஸே போதுமா?

கேள்வி – அச்சுக்கூடம்

எச்81 மதர்போர்டு, ஐ5-4570 பிராசசர், டெபியன் 12 லினக்ஸ். ரசீது போடுவதற்கும் வடிவமைப்பு வேலைக்கும் இன்றும் குறையில்லாமல் ஓடுகிறது. பயாஸ் (கணினியை எழுப்பும், போர்டின் சிப்பில் பதிந்த மென்பொருள்) 2013-இல் வந்தது. போர்டைத் தயாரித்தவர்கள் அதன்பின் எட்டிப் பார்க்கவில்லை. பிராசசரின் மைக்ரோகோட் (அதன் உள் இயக்கத்தைத் திருத்த இன்டெல் தரும் சிறு நிரல்) திருத்த எண் 17 என்று காட்டுகிறது. பிராசசர் விவரம் காட்டும் எல்எஸ்சிபியு கட்டளை கொடுத்தால், எம்டிஎஸ் (பிராசசருக்குள்ளிருந்து தரவு கசியும் ஓட்டை) பாதிப்புக்கு எதிரே "மைக்ரோகோட் இல்லை" என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. யுபியு கருவியால் பயாஸ் கோப்பைத் திறந்து புதிய மைக்ரோகோடைச் செருகி ஏற்றலாம் என்கிறார்கள். செய்யலாமா? கணினி செத்தால் மாற்றுக் கணினி கிடையாது.

பதில் – திருப்புளி

கடைசி வரியிலேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள். செய்ய வேண்டாம்.

மைக்ரோகோட் பிராசசருக்குள் நிலையாகப் பதிவதில்லை. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். ஒவ்வொரு முறை கணினியை எழுப்பும்போதும் யாராவது ஏற்ற வேண்டும். முதல் வாய்ப்பு பயாஸுக்கு. அதனிடம் இருப்பது பழையது என்றால், லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தன்னிடமுள்ள புதியதை அதன்மேல் ஏற்றிவிடும். இரண்டுமே இன்டெல் கையொப்பமிட்ட அதே கோப்புதான். பயாஸ் வழியாக வந்தால் கூடுதல் வீரியம் எதுவும் இல்லை.

பிறகு ஏன் உங்களுக்கு ஏறவில்லை? டெபியன் 11-இலிருந்து மேம்படுத்தியவர் என்று நினைக்கிறேன். 12-ஆம் பதிப்பில் இத்தகைய தொகுப்புகளை 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பிரிவுக்கு மாற்றினார்கள். தொகுப்புகளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் உங்கள் மூலப் பட்டியலில் அந்தப் பிரிவு இருக்காது. அதைச் சேர்த்து, இன்டெல்-மைக்ரோகோட் தொகுப்பை நிறுவி, மறுதொடக்கம் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏற்றும் குறுக்குவழிகளை நாடாதீர்கள். உங்களுடையது போன்ற ஹாஸ்வெல் தலைமுறை பிராசசரில் டிஎஸ்எக்ஸ் வசதி (ஒரே நினைவகத்தைப் பல வேலைகள் மோதாமல் பயன்படுத்த உதவும் கட்டளைகள்) பழுதானது என்று 2014-இல் தெரிந்து, மைக்ரோகோட் மூலமாகவே அதை முடக்கினார்கள். அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த நிரல்களின் காலடியிலிருந்து கட்டளையே பாதியில் மறைந்தால் அவை விழாமல் என்ன செய்யும்? அதனால்தான் டெபியன் இதை இனிட்ராம்எஃப்எஸ் (கர்னலோடு சேர்ந்து முதலில் நினைவகத்தில் ஏறும்) கோப்பின் தலைப்பகுதியில் வைத்து, கர்னல் எழும்போதே ஏற்றுகிறது.

பதில் – ஈயப்பற்று

திருப்புளி சொல்வது உங்கள் கணினிக்குச் சரி. எல்லாக் கணினிக்கும் அப்படியே பொருந்தாது. 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்கள் அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்டுத் தங்களையே கெடுத்துக்கொண்ட விவகாரத்தில், 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்கவிடாமல் தடுக்கும் 129 என்ற திருத்தம் 2024 ஆகஸ்டில் பயாஸ் புதுப்பிப்பாகவே வந்தது. அந்தப் பிராசசர் வைத்திருப்பவர்கள் இயங்குதளம் பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருக்கக் கூடாது.

எப்படியும் பயாஸில் கை வைத்தே தீருவேன் என்பவர்களுக்கு: முதலில் சிஎச்341ஏ புரோகிராமரால் (சிப்பை நேரடியாகப் படித்து எழுதும் சிறு கருவி) பயாஸ் சிப் முழுவதையும் படித்துச் சேமியுங்கள். இரண்டு முறை படித்து, இரு கோப்புகளும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வேறொருவரின் கோப்பை இணையத்தில் எடுத்து ஏற்றினால் கணினி எழும்பலாம். ஆனால் உங்கள் போர்டின் மேக் முகவரியும் (நெட்வொர்க் அடையாள எண்) வரிசை எண்ணும் தொலைந்திருக்கும். பழுதுபார்க்க என்னிடம் வரும் போர்டுகளில் இந்தக் கோலத்தில் வருபவை குறைவில்லை.

அச்சுக்கூடம்

பட்டியலில் அந்தப் பிரிவு இல்லைதான். சேர்த்து நிறுவினேன். கர்னல் பதிவில் இப்போது திருத்தம் 28, தேதி 2019 நவம்பர் 12 என்று வருகிறது. எம்டிஎஸ் வரியும் மாறிவிட்டது. 2019-க்குப் பிறகு இந்தப் பிராசசருக்கு எதுவும் வரவில்லையா?

திருப்புளி

அதுதான் கடைசி. பயாஸில் செருகியிருந்தாலும் இதே 28-தான் கிடைத்திருக்கும். விண்டோஸும் பக்கத்தில் இருந்தால் அதைத் தனியாகச் சரிபாருங்கள். லினக்ஸ் ஏற்றியது அங்கே உதவாது.