எதிர்முழக்க நேரத்தைக் கூட்டினால் ரீங்காரம் வருகிறது, வழி சொல்லுங்கள்

600 இருக்கை அரங்கம், பேச்சுக்காகக் கட்டியது. காலியாக இருக்கும்போதே எதிர்முழக்க நேரம் (ஒலி நின்ற பிறகு அதன் முழக்கம் அடங்க ஆகும் நேரம்) 1.1 விநாடிதான். இசைக்கு 1.8 வேண்டும் என்று, 8 மைக், 32 ஸ்பீக்கருடன் மின்னணு அமைப்பு ஒன்றை மூன்று மாதம் முன்பு பொருத்தினோம். ஸ்பீக்கர் ஒலியையே மைக் திரும்ப எடுத்துச் சுழற்றும் வகை.

1.4 வரை அருமையாக இருக்கிறது. அதைத் தாண்டினால் புல்லாங்குழலில் ஒரு நீண்ட சுரம் நின்ற பிறகும் 400 ஹெர்ட்ஸ் பக்கம் உலோகம் அதிர்வது போல ஒரு ரீங்காரம் தனியாகத் தொங்குகிறது. அரங்கம் நிறைந்தால் குறைகிறது (ஆட்கள் ஒலியை உறிஞ்சுவதால்தான்), ஆனால் ஒத்திகை காலி அரங்கில்தானே நடக்கிறது, கலைஞர்கள் அணைத்துவிடச் சொல்கிறார்கள், அதுதான் மனதுக்குக் கஷ்டம்.

ஈக்வலைசரில் 400-ஐ வெட்டினேன், ரீங்காரம் 630-க்குப் போனது. கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) 3 டெசிபல் இறக்கினால் ரீங்காரத்தோடு முழக்கமும் போய்விடுகிறது. மைக்குகளை ஸ்பீக்கர்களிடமிருந்து 2 மீட்டர் தள்ளினேன், பெரிய மாற்றமில்லை. அப்புறம், நேரத்தோடு மாறும் செயலாக்கத்தை (சுழலும் ஒலியை ஒரே மாதிரி விடாமல் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருப்பது) போட்டுப் பார்த்தேன், ரீங்காரம் அடங்கியது, ஆனால் பியானோ சுரம் அலைகிறது.

லூப் கெயினை (மைக்-ஸ்பீக்கர் சுழற்சியின் பெருக்கத்தை) குறைத்து, முழக்கத்தின் நீளத்தை டிஜிட்டல் ரிவெர்ப் (செயற்கை முழக்கம்) மூலம் வரவழைப்பதா, அல்லது தனித்தனி மைக்-ஸ்பீக்கர் சேனல்களின் எண்ணிக்கையை அதிகரிப்பதா, எதை முதலில் செய்வீர்கள்?